கருவுற்றவள் மூச்சும் வீட்டார் கடனும்

கடமை என்பது ஒருவர் தலைமேல் மட்டும் ஏற்றி வைக்கப்படும் சுமையன்று. பலர் தோள் கொடுத்துத் தாங்க வேண்டியது. இவ்வுண்மையைப் பழந்தமிழ்ச் சான்றோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் என்னும் புலவர், ஓர் ஆண்மகன் உருவாவதற்குரிய பொறுப்பைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என நால்வருக்குப் பகுத்து அளித்து, இறுதியில் வளர்ந்த அம்மகனுக்கும் ஒரு கடமையை வைத்தார். குழந்தை ஒரு வீட்டில் பிறந்தாலும் அதனை ஆளாக்குவது ஊரும் நாடும் சேர்ந்து செய்யும் பணி என்பது அப்பகுப்பில் அடங்கிய கருத்து.

ஆயின் அப்பகுப்பு பிறப்பிலிருந்து தொடங்குகிறது. பிறப்புக்கு முற்பட்ட பத்துத் திங்களில் யாருக்கு என்ன கடமை என்ற வினாவை நாம்தாம் எழுப்பிக்கொள்ள வேண்டும். அப்பத்துத் திங்களும் தாய் ஒருத்தியின் பாடு என்று நாம் வாய் திறவாமலே முடிவு கட்டிவிட்டோம். அவள் உண்பது, உறங்குவது, நடப்பது, நினைப்பது ஆகிய அனைத்திற்கும் விதி வகுத்தோம். அவள் இழுக்கும் மூச்சைப் பற்றி மட்டும் வீட்டில் எவரும் பேசுவதில்லை. வேண்டாத உணவை அவள் விலக்கி வைக்கலாம். மூச்சை விலக்கி வைக்க இயலுமா? அம்மூச்சில் கலக்கும் புகையும் நெடியும் பெரும்பாலும் பிறர் உண்டாக்கியவை. அல்லது பிறர் பொருட்டு அவள் உண்டாக்குபவை. ஆகவே கருவுற்ற பெண்ணின் மூச்சுக்காற்று யாருடைய கடன் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. அஃது அறத்தின் வினாவுமாகும்.

எல்லைப்புறத்து அடுக்களைகள்

இவ்வினாவை வெறும் கருத்தளவில் நிறுத்தாமல் ஒரு நிலப்பகுதியில் வைத்துக் காண்பது நலம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் இஞ்சிவிளை, அதற்கப்பால் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மொழிவழியே வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தின்மேல் விழுந்ததே அன்றி உறவின்மேல் விழவில்லை. இப்பக்கத்துப் பெண் அப்பக்கத்து வீட்டில் வாழப் புகுவதும், தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு திரும்புவதும் இன்றும் நடப்பனவே. பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளரின் முன்னோர் தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் அழைத்துவரப்பட்டுக் குடியமர்ந்தவர்கள். குடிபெயர்ந்து வாழும் நம்மவர்க்கு அவ்வூர்களின் கதை அயற்கதையன்று.

அங்குள்ள அடுக்களைகளைப் பாருங்கள். எரிவாயு அடுப்பு இன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. ஆயினும் விறகடுப்பு அணைந்துவிடவில்லை. நெடுநேரம் வேக வேண்டிய சம்பா அரிசிக்கும், குளிப்பதற்கான வெந்நீருக்கும், கிழங்கு அவிப்பதற்கும் அதுவே துணை. தோப்பில் விழும் மட்டையும் கொதும்பும் கதம்பையும் சிரட்டையும் காசின்றிக் கிடைக்கும் விறகுகள். எரிவாயு உருளை ஒரு மாதம் கூடுதலாக நீடிக்க வேண்டுமென்று அடுப்பை மாற்றி மாற்றி எரிக்கும் சிக்கனம் அங்குள்ள பெண்களுக்குக் கைவந்தது. அச்சிக்கனத்தின் விலையை அவர்களது நெஞ்சமே செலுத்துகிறது.

கிழக்கே வெள்ளறடை, குன்னத்துக்கால் பக்கமும், தமிழக எல்லைக்குள் அருமனை, குலசேகரம் பக்கமும் சென்றால் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. சிறு நிலம் உடையவர்கள் விடியலில் பால் வெட்டி, வாளியில் சேர்த்து, வீட்டு முற்றத்திலேயே ஷீட் அடிப்பார்கள். மழைக்காலத்தில் பால் முன்னரே உறைந்துவிடாதிருக்க அம்மோனியா சேர்ப்பதுண்டு. பாலை வடிகட்டி, நீர் கலந்து, தட்டங்களில் ஊற்றி, பார்மிக் அமிலத்தை நீர்க்கச் செய்து விட்டால் அது உறையும். ‘ஆசிட்’ என்று மட்டும் ஊரார் வழங்கும் அந்த நீர்மம், செறிவான நிலையில் தோலைச் சுடும். அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். உறைந்த பாலை உருளைகளில் இட்டுத் தகடாக்கிப் புகையில் உலர்த்த வேண்டும். தனிப் புகைக்கூடம் கட்ட வசதியில்லாதவர்கள் அடுக்களையில், அடுப்புக்கு மேலேயே கம்பு கட்டி ஷீட்டைத் தொங்கவிடுவர். ஒரே புகையில் சோறும் வேகும், ஷீட்டும் உலரும், அடுப்படியில் நிற்பவளின் மூச்சும் கரியும்.

இவை பழைய நெடிகள். இவற்றோடு கடையிலிருந்து புதியவையும் வந்து சேர்ந்தன. தரை கழுவும் பினாயில், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், கிணற்றில் இடும் பிளீச்சிங் பவுடர், பெட்டிக்குள் போடும் அந்துருண்டை, இரவெல்லாம் புகையும் கொசுவத்திச் சுருள், சுவருக்குப் பூசும் பெயின்ட், அதைக் கரைக்கும் தின்னர் என அப்பட்டியல் நீளும். தூய்மையின் பெயராலும் பாதுகாப்பின் பெயராலும் வீட்டுக்குள் நுழைந்தமையால் இவற்றை நாம் ஐயுறுவதில்லை.

ஐயுற வேண்டிய காரணங்கள் உண்டு. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருங்கே கொட்டினால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு தூய்மை என்று எண்ணிக் கதவடைத்த குளியலறையில் மூச்சுத் திணறியவர் பலர். கொசுவத்திச் சுருளைப் பற்றிய ஓர் ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. சீனத்திலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்ததில், ஒரு சுருள் வெளியிட்ட நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்கு நிகராக இருந்தது. அந்துருண்டையிலுள்ள நாப்தலீனோ, குருதிச் சிவப்பணுவில் ஒருவகை நொதி குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பகை. அவ்வுருண்டையோடு மடித்து வைத்த துணியைப் போர்த்தினாலே அவர்களின் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சட்காமாலை முற்றக்கூடும். சுவரிலுள்ள பழைய பெயின்டைச் சுரண்டும்போது எழும் தூசியில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய சுவர்கள் இன்றும் நம் வீடுகளில் நிற்கின்றன. வளைகாப்புக்கென்று வீட்டைப் புதுப்பிக்கும் மகிழ்ச்சியில் அச்சுவர்களைச் சுரண்டுகிறோம்.

கருப்பை மதிலன்று

கருவிலுள்ள சிசு வெளியுலகைக் கேட்கும் என்று நம்பியவர்கள் நம் முன்னோர். தாய் வயிற்றிலிருந்தே படைவியூகத்தின் நுழைவாயிலைக் கேட்டறிந்தான் அபிமன்யு என்றும், நாரதர் உபதேசத்தைக் கருவிலேயே கேட்டான் பிரகலாதன் என்றும் கதை சொல்லி வளர்த்தனர். கருவுற்றவள் நல்ல சொல்லையே கேட்க வேண்டும், நல்ல இசையையே கேட்க வேண்டும் என்று இன்றும் கூறுகிறோம். காதின் வழியே புகும் சொல் சிசுவை எட்டும் என்று ஒப்புக்கொண்ட நாம், மூக்கின் வழியே புகும் புகை எட்டாது என்று எவ்வாறு எண்ணினோம்?

மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள நஞ்சுக்கொடித் திசு தீயவற்றைத் தடுத்து நிறுத்தும் அரண் என்பது அன்றைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை இரு துயரங்கள் தகர்த்தன. ஜப்பானின் மினமாட்டாக் கடற்கரையில் தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் மீன்வழி மக்களை அடைந்து விளைத்த நோய் 1956இல் வெளிப்பட்டது. நோயின் அறிகுறி மிகக் குறைவாகவே தென்பட்ட தாய்மாரும் கொடிய ஊனத்தோடு குழந்தைகளைப் பெற்றனர். தாயின் உடலில் புகுந்த நஞ்சு சேயிடம் சென்று தங்கியிருந்தது. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கென்று விற்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மருந்து, பல்லாயிரம் குழந்தைகளின் கைகால்களைக் குறைத்தபின் 1961இல் செருமனியில் திரும்பப் பெறப்பட்டது. தாய்க்குத் தீங்கு செய்யாதது சேய்க்கும் செய்யாது என்னும் எண்ணம் அவ்விரண்டோடு முடிந்தது.

நம் அடுப்புப் புகையிலும் அத்தகைய ஒன்று உண்டு. விறகும் கரியும் முழுமையாக எரியாதபோது பிறக்கும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற வாயு. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தாயின் குருதியில் ஏறியது மெல்ல மெல்லச் சிசுவின் குருதிக்குச் செல்லும்; நாளடைவில் தாயிடம் உள்ளதைவிடச் சற்று மிகுதியாகவே அங்குத் தங்கும்; நீங்குவதற்கும் நெடுநேரம் பிடிக்கும். அடுக்களையை விட்டு முற்றத்திற்கு வந்து நல்ல காற்றை இழுத்த தாய்க்குத் தலைவலி தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் உயிர்க்கு அவ்விடுதலை பின்னரே கிட்டும். இதனால், மூக்கைத் துளைக்கும் நெடி மட்டுமே தீயது என்று கொள்வதும் பிழை. மணமில்லாதது தீங்கற்றது என்று கொள்வதும் பிழை.

அளவுகோல் சொன்னதும் சொல்லாததும்

இத்துறையில் உலகம் எடுத்துக்காட்டும் ஆய்வுகள் சில தமிழ்நாட்டிலேயே நடந்தவை என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழுவினர் தமிழகத்துக் கருவுற்ற பெண்கள் 1285 பேரைத் தொடர்ந்து கண்டு, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். காற்றிலுள்ள நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை ஏறத்தாழ 4 கிராம் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. நான்கு கிராம் அற்பமாகத் தோன்றும். ஆனால் புகைமண்டிய அடுக்களையில் நுண்துகள் கூடுவது பத்து அலகோடு நிற்பதில்லை, நூற்றுக்கணக்கில் ஏறும்.

இதனை ஒட்டிப் பெரியதொரு சோதனை நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் அதில் பங்கு கொண்டது. இந்தியாவின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவை தமிழகத்தின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிச் சிற்றூர்களே. விறகு முதலியவற்றால் சமைத்துவந்த 3200 கருவுற்ற பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் விலையின்றி அளித்தனர். மறுபிரிவினர் வழக்கம்போல் சமைத்தனர். எரிவாயு பெற்றோர் மூச்சில் ஏறிய நுண்துகளின் இடைநிலை அளவு 23.9 மைக்ரோகிராம், விறகில் சமைத்தோர்க்கு 70.7. புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது தெளிவு. ஆயின் 2022இல் வெளிவந்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. முதற்பிரிவுக் குழந்தைகளின் சராசரி எடை 2921 கிராம். இரண்டாம் பிரிவில் 2898 கிராம். கணக்கியல் நெறிப்படி இது வேறுபாடு என்று துணிந்து கூறத்தக்கதன்று.

இம்முடிவை மறைக்காமல் சொல்லுதல் கட்டுரையாளர் கடமை. அதற்கு விளக்கங்கள் பல கூறலாம். கரு உருவாகி ஒன்பது வாரத்திற்குப் பின்னரே அப்பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். வீட்டு அடுப்பு மாறினாலும் ஊர்க்காற்று மாறவில்லை. குறைந்துவிட்ட 23.9 என்னும் அளவும், உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நாளைக்கென 2021இல் வகுத்த 15 என்னும் எல்லையை மிஞ்சியதே. இவ்விளக்கங்களில் எது சரி என்பதை அறிவியலார் ஆராயட்டும். நமக்கு எழும் வினா வேறு. எடையில் வேறுபாடு காணப்படவில்லை என்பதால், கருவுற்றவளை மீண்டும் புகைக்குள் அனுப்பலாமா?

அனுப்பலாகாது என்றே எவரும் கூறுவர். ஏன் அனுப்பலாகாது என்று கேட்டால்தான் நம் மனத்தின் குறை தெரியவரும். அவளைப் புகையிலிருந்து விலக்க வேண்டும் என்று இதுகாறும் நாம் கூறியது யார் பொருட்டு? குழந்தையின் பொருட்டு. குழந்தைக்குத் தீங்கில்லை என்று ஒரு தராசு சொன்னால், விலக்குவதற்கு நம்மிடம் காரணமே இல்லாமற் போகிறது. அப்படியாயின் அப்பெண் ஒரு கலம். உள்ளிருக்கும் பொருளுக்காகத் துடைத்து வைக்கப்படும் பாத்திரம். பொருளை எடுத்துக்கொண்டபின் அக்கலம் மீண்டும் அடுப்படிக்குச் செல்லலாம் என்றாகும். நம் வீடுகளில் நடப்பதும் பெரும்பாலும் அதுவன்றோ? பத்துத் திங்கள் பரிவு. பின்னர் முப்பது ஆண்டு புகை.

அவள் கலம் அல்லள். அவளுக்கு மூச்சு உண்டு, அம்மூச்சு அவளுடையது. வீட்டுப் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நுரையீரல் நோயும் இதய நோயும் பக்கவாதமும் அக்கணக்கில் அடங்கும். எனவே நல்ல காற்று அவளுக்கு உரியது. குழந்தை அவ்வுரிமைக்கு வலிமை சேர்க்கும் மற்றொரு காரணமேயன்றி முதற்காரணமன்று. இவ்வரிசையைத் தலைகீழாக்கிப் பேசும் பரிவு அரைகுறைப் பரிவு.

சான்று வரும்வரை காத்திருத்தல்

சிலர் வேறொரு தடை எழுப்புவர். உறுதியாகத் தெரியாத ஒன்றுக்காக ஏன் தொழிலையும் வழக்கத்தையும் மாற்ற வேண்டும் என்பர். இதற்கு விடை கேரளத்தின் தென்கோடியான பாறசாலையிலிருந்து வடகோடியான காசர்கோட்டை நோக்கினால் கிடைக்கும். அங்கு அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி வானிலிருந்து தெளிக்கப்பட்டது. ஊரில் ஊனத்தோடும் நோயோடும் குழந்தைகள் பிறப்பதைக் கண்டு தாய்மார் அழுதபோது, சான்று எங்கே என்று கேட்கப்பட்டது. குழு பல அமைந்தன. அறிக்கை பல வந்தன. ஒன்றை ஒன்று மறுத்தன. 2011இல் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை விலக்கத்தக்க நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு இந்திய உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. தெளித்தது நின்று பதினேழு ஆண்டு கழிந்தபின் வந்த ஆணை அது. அன்று கருவில் இருந்தவர்கள் அதற்குள் வளர்ந்துவிட்டனர். வளர இயலாதவர்கள் படுக்கையில் கிடந்தனர்.

காசர்கோட்டு நஞ்சும் பாறசாலை அடுப்புப் புகையும் ஒன்றென்று கூறவில்லை. ஐயம் நிலவும் காலத்தில் அவ்வையத்தின் சுமையை யார் தலையில் வைப்பது என்னும் நெறி இரண்டுக்கும் பொதுவானது. திருக்குறள் இன்னா செய்யாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது. அந்நெறியை இன்றைய வீட்டுக்குப் பொருத்தினால் ஒன்று விளங்கும். தீங்கு தரும் என்று அறிந்தபின் செய்யாதிருத்தல் எளிய அறம். தீங்கு தரக்கூடும் என்னும் நிலையில், தடுக்க இயலாதவர், மறுத்துப் பேச இயலாதவர் பக்கம் நின்று விலகிக்கொள்வதே அரிய அறம். கருவிலுள்ள சிசுவைவிட மறுத்துப் பேச இயலாதவர் யார்?

அச்சமும் பழியும்

இவ்வளவும் படித்த இளம்பெண் ஒருத்தி அஞ்சுவாளாயின் அது இக்கட்டுரையின் நோக்கத்திற்கு மாறானது. ஒருநாள் பெயின்ட் நெடியில் நின்றதாலோ, ஒருமுறை தரையைப் பினாயிலால் கழுவியதாலோ குழந்தைக்கு ஊறு நேர்ந்துவிடும் என்று கவலுற வேண்டியதில்லை. அளவும் காலமும் பெரிதும் பொருட்படுத்தத்தக்கவை. நாள்தோறும், மணிக்கணக்கில், காற்றோட்டமற்ற அறையில் இழுக்கும் மூச்சே கவலைக்குரியது.

அச்சத்தினும் கொடியது பழி. உலகெங்கும் நூறு குழந்தைகளில் இரண்டோ மூன்றோ ஏதேனும் ஒரு பெருங்குறையோடு பிறக்கின்றன. அவற்றுட் பலவற்றுக்குக் காரணம் எவருக்கும் தெரிவதில்லை. ஆயினும் அத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் முதல் வினா தாயை நோக்கியே எழும். “கிரகணத்தன்று வெளியே போனாயோ? வேண்டாததைத் தின்றாயோ?” என்று மாமியாரும் அண்டை வீட்டாரும் கேட்பர். இனி, “எதை முகர்ந்தாய்?” என்றும் கேட்கத் தொடங்குவார்களாயின், அறிவியல் நமக்குத் தந்தது பழைய பழியின் புதிய பெயர் மட்டுமே. கருவுற்றவளுக்கு நாம் விதித்த விலக்குகள் பப்பாளி முதல் கிரகணம் வரை எத்தனையோ. அவை அனைத்தும் அவளுக்கே விதிக்கப்பட்டவை. புகை பற்றிய விலக்கோ மற்றவர்க்கு உரியது. அவள் இதைச் செய்யலாகாது என்று அது கூறவில்லை. அவளைச் சூழ்ந்தோர் இதைச் செய்யலாகாது என்கிறது. இவ்வேறுபாட்டை உணராதவரை, நாம் கூறும் அறிவுரை எல்லாம் அவள் தலையில் ஏற்றும் மற்றொரு குடமே.

வறுமை என்னும் விடை

வறுமையைக் காட்டி இதனை மறுப்பவரும் உண்டு. அவர்கள் கூற்றைத் தள்ளிவிட முடியாது. தோப்பில் கிடக்கும் மட்டை இலவசம். எரிவாயு உருளைக்கு விலை உண்டு. தமிழகத்தில் 2006 முதல் 2011 வரை இருந்த ஆட்சியில் எரிவாயு அடுப்புகள் விலையின்றி வழங்கப்பட்டன. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கியது. அடுப்பு வந்து சேர்ந்தது உண்மை. அடுத்த உருளையை வாங்கும் பணம் ஒவ்வொரு மாதமும் வந்து சேர்வதில்லை என்பதும் உண்மை. விறகடுப்பை அடியோடு விடமுடியாதவர்க்காகக் கேரள சாத்திர சாகித்திய பரிஷத் 1980களில் புகைபோக்கியுடன் கூடிய ‘பரிஷத் அடுப்பை’ ஊர்தோறும் பரப்பியது. விலை குறைந்த வழியும் உண்டு என்பதற்கு அது சான்று.

ஆயினும் வறுமை முழு விடையாகாது. கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் திருமணப் பந்தலுக்கும் பணம் கண்ட வீட்டில் அடுக்களைச் சன்னலுக்குப் பணம் காணாதது வறுமையன்று. எது முதலாவது என்னும் வரிசை. வீடு கட்டும்போது வரவேற்பறைக்கு நான்கு சன்னலும் அடுக்களைக்குக் கையகல ஓட்டையும் வைப்பவர் யார்? வீட்டின் படத்தை வரையும்போது அவ்வடுக்களையில் நிற்கப்போகிறவளைக் கேட்டவர் எத்தனை பேர்?

அயலூரில் நம் குடும்பங்கள்

சொந்த ஊரை விட்டுப் பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. ஊரில் கருவுற்றவளுக்கு மாமியாரோ அத்தையோ நாத்தனாரோ அடுப்படியில் மாற்றாக நிற்பர். அயலூரில் கணவன் வேலைக்குச் சென்றபின் அவள் ஒருத்தியே. இரண்டறை வாடகை வீடு. காற்று வர வழியின்றிக் கட்டிய அடுக்களை. கீழ்த்தளத்தில் பட்டறையோ சலவைக்கடையோ இருந்தால் அதன் நெடியும் மேலே வரும். சன்னல் வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சம். கேட்டால் காலி செய்யச் சொல்வாரோ என்னும் அச்சம். குளிர்காற்றுப் பெட்டி பொருத்திய வளைகுடா நாட்டு வீடுகளிலோ சன்னல் திறப்பதே இல்லை. தாளித்த புகையும் தெளித்த மருந்தும் உள்ளேயே சுழலும். ஐக்கிய அரபு அமீரகத்தில், அடுத்த குடியிருப்பில் மூட்டைப்பூச்சிக்கென்று வைத்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் வாயு சுவர்வழி கசிந்து, இந்த வீட்டுக் குழந்தை இறந்த துயரங்கள் நிகழ்ந்துள்ளன. நம் வீட்டுக் காற்று நம் வீட்டோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

கடனைப் பகுத்தல்

இனிப் பொன்முடியார் செய்தது போல நாமும் கடனைப் பகுத்துப் பார்க்கலாம். கணவனுக்கு உரியது, அடுப்படியில் தானும் நிற்பது. கருவுற்றவளை இளைப்பாறச் சொல்லிவிட்டு உணவுக்கு அவளையே எதிர்பார்ப்பது பரிவாகாது. ரப்பர்ப் பாலுக்கு ஆசிட் கலப்பதும் கழிவறை கழுவுவதும் அவன் பணியாகட்டும். வீட்டுப் பெரியவர்க்கு உரியது, அடுப்புக்கு மேல் தொங்கும் ஷீட்டை முற்றத்துக் கொட்டகைக்கு மாற்றுவதும், கொசுவத்திச் சுருளுக்கு மாறாகக் கொசுவலை கட்டித் தருவதும், வளைகாப்புக்கான வெள்ளையடிப்பை அவள் தாய்வீடு சென்றபின் வைத்துக்கொள்வதும். வீட்டுக்காரர்க்கு உரியது, வாடகை வாங்கும் அறைக்குக் காற்றையும் சேர்த்து அளிப்பது. அண்டை வீட்டார்க்கு உரியது, தாம் வைக்கும் மருந்து சுவருக்கு அப்பால் யார் மூச்சில் ஏறும் என்று எண்ணிப் பார்ப்பது. ஊராட்சிக்கும் அரசுக்கும் உரியது, அடுப்பைத் தருவதோடு நில்லாமல், குறைந்தது அந்தப் பத்துத் திங்களுக்கும் அடுத்து வரும் பால்குடி ஆண்டுக்கும் உருளை தீராமல் பார்த்துக்கொள்வது.

அவளுக்கு உரியதும் ஒன்றுண்டு. மூச்சு முட்டுகிறது என்று சொல்வது. அதனைச் சொல்லும்போது நாணமோ குற்றவுணர்வோ இல்லாமல் சொல்ல இயல வேண்டும். அவள் அவ்வாறு சொல்லத்தக்க வீடாக நம் வீட்டை ஆக்குவது மீண்டும் நம் கடனே.

வளைகாப்பு நாளில் கூடும் சுற்றத்தார், வளையல் அடுக்கி வாழ்த்திய பின் ஒருமுறை அவ்வீட்டு அடுக்களைக்குள் சென்று பார்ப்பார்களாக. கரி படிந்த கூரையும் அடைத்த சன்னலும் மூலையில் அடுக்கிய குப்பிகளும் கண்ணில் படும். அன்றே அச்சன்னலைத் திறக்க ஆளழைக்கலாம். அக்குப்பிகளை வெளியே கொண்டு வைக்கலாம். பாடல் போட்டியும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கங்கள், புதிதாக வந்து குடியேறிய இளங்குடும்பத்தின் வீட்டுக்கு இரண்டு மூத்த பெண்களை அனுப்பி, இன்னது இன்னது வேண்டும் என்று கேட்டறியலாம். அவள் சார்பில் வீட்டுக்காரரிடம் பேசலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அவள் மூச்சும் நம் பொறுப்பே என்று ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும்.